ஊசிக்கு யார் கையெழுத்து

எனக்கு வாய் கொஞ்சம் நீளம். அதற்காக வேலையிடத்தில் இரண்டு தடவை எழுத்தில் எச்சரிக்கை வாங்கியிருக்கிறேன். மூன்றாவதும் வந்திருக்க வேண்டியது, மயிரிழையில் தப்பினேன். அந்தத் தப்பலைச் சொல்லாமல் விட்டால் எனக்கு நித்திரை வராது.

கனடாவில், ஸ்காபரோவில் ஒரு தனியார் முதியோர் பராமரிப்பு இல்லத்தில் வேலை செய்கிறேன். வயதானவர்களைக் குளிப்பாட்டுவது, உடுப்பு மாற்றுவது, சாப்பாடு கொடுப்பது, சொன்ன கதையையே அவர்கள் திரும்பச் சொல்லும்போது முதல் தடவை கேட்பதுபோலக் கேட்பது. இதற்குக் காகிதத்தில் நீளமான ஒரு பதவிப்பெயர் இருக்கிறது. நான் பார்க்கும் இரண்டாம் மாடியில் இருபத்திரண்டு பேர், அநேகமாக எல்லோரும் எங்கள் ஆட்கள், இலங்கைத் தமிழர். அவர்களில் இரண்டு வகை உண்டு. பல வருடங்களுக்கு முன்பே நிரந்தரமாக வந்து குடியேறியவர்களிடம் அரசாங்கத்தின் ஹெல்த் கார்ட் இருக்கும். சூப்பர் விசா என்று பெற்றோருக்குக் கொடுக்கும் நீண்டகால வருகை விசாவில் பிள்ளைகளோடு வந்து நிற்பவர்களுக்கு அந்தக் கார்ட் கிடையாது. அவர்களுக்குப் பிள்ளைகள் தனியார் இன்சூரன்ஸ் எடுத்து, வருடா வருடம் புதுப்பித்துக்கொண்டே இருக்க வேண்டும். சாப்பாட்டு மேசையில் இந்த வித்தியாசம் தெரியாது. இருமல் வந்தால் தெரியும். கார்ட் உள்ளவர் "டொக்ரரைக் கூப்பிடும்" என்பார். கார்ட் இல்லாதவர் "ஒண்டுமில்லைப் பிள்ளை, தொண்டையிலை ஒரு கரகரப்பு" என்பார்.

அப்படிக் கரகரப்பு என்று சொல்லியே சாகக் கிடந்தவர் எங்கள் தபாலதிபர் ஐயா. ஊரில் முப்பத்தைந்து வருடம் தபால் கந்தோரை நடத்தியவர். வயது எண்பத்தொன்று. சூப்பர் விசாக்காரர். முந்திய குளிர்காலத்தில் ஃப்ளூ வந்ததை மூன்று நாள் ஒளித்து வைத்திருந்தார். நாலாம் நாள் காலை தேத்தண்ணியோடு போனபோது மூச்சு எடுக்க முடியாமல் கட்டில் விளிம்பைப் பிடித்துக்கொண்டு இருந்தார். அம்புலன்ஸ், பதினெட்டு நாள் ஆஸ்பத்திரி. திரும்பி வந்தபோது ஆள் பாதி. நெஞ்சு ஏற்கெனவே பழுது, அடுத்த முறை ஃப்ளூ இந்த மூர்க்கத்தோடு வந்தால் கரையேறுவது கஷ்டம் என்று டொக்டர் மகளிடம் சொன்னதை நான் பக்கத்தில் நின்று கேட்டேன்.

ஒக்டோபரில் ஃப்ளூ தடுப்பூசிக்கான சம்மதப் படிவங்கள் குடும்பங்களிடமிருந்து வந்து சேர்ந்தன. நேர்ஸ் லீவில் நின்றதால், மேலாளர் அந்தக் கட்டை என்னிடம் தந்து அடுக்கச் சொன்னார். 'வேண்டும்' ஒரு பக்கம், 'வேண்டாம்' ஒரு பக்கம் என்று போட்டுக்கொண்டு வந்தேன். 'வேண்டாம்' பக்கத்தில் ஒன்பது சேர்ந்தன. யார் யார் என்று பார்க்கும்போதுதான் படிவத்தின் மூன்றாவது வரியில் கண் நின்றது: காப்புறுதி வகை. ஒன்பதும் தனியார் இன்சூரன்ஸ். மற்றப் பக்கத்தைப் புரட்டினேன். ஒன்று விடாமல் எல்லாம் ஹெல்த் கார்ட். தபாலதிபர் ஐயாவின் படிவம் 'வேண்டாம்' கட்டில் மேலிருந்து இரண்டாவதாகக் கிடந்தது.

எனக்கு உச்சியில் ஏறிவிட்டது. கார்ட் இல்லாத கிழடுகள் செத்தால் சாகட்டும் என்று யாரோ முடிவெடுத்துவிட்டார்கள் என்று நினைத்து, படிவங்களைத் தூக்கிக்கொண்டு மேலாளரின் அறைக்குள் போனேன். அவர் பிலிப்பைன்ஸ் நாட்டவர், பொறுமைசாலி. நான் கத்தி முடியும்வரை பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு சொன்னார்: இந்த மாகாணத்தில் வசிக்கும் எவருக்கும் இந்த ஊசி இலவசம், கார்ட் இருந்தாலும் இல்லாவிட்டாலும். எந்த இன்சூரன்ஸ் கொம்பனிக்கும் பில் போவதில்லை. எல்லாக் குடும்பங்களுக்கும் ஒரே படிவம்தான் அனுப்பினோம், இந்த ஒன்பது குடும்பங்களும் தாங்களே வேண்டாம் என்று எழுதியிருக்கின்றன. குடும்பத்தின் முடிவில் நான் கை வைக்க முடியாது, நீயும் வைக்கக் கூடாது என்று முடித்தார். எய்தவர்கள் எங்கேயோ இருக்க நான் அம்போடு சண்டை பிடித்திருக்கிறேன். மன்னிப்புக் கேட்டுக்கொண்டு வெளியே வந்தேன்.

கை வைக்கக் கூடாது என்றார், வாய் வைக்கக் கூடாது என்று சொல்லவில்லை. மதியச் சாப்பாட்டு நேரத்தில் ஐயாவின் மகளுக்குப் போன் எடுத்தேன். ஸ்ரௌவ்வில்லில் வீடு, ஒரு நாளில் இரண்டு வேலைக்கு ஓடும் பெண்.

"தங்கச்சி, ஐயாவின்ரை ஊசிப் பேப்பரிலை வேண்டாம் எண்டு கிடக்குது. கை தவறிப் போட்டீங்களோ?"

"இல்லையக்கா, தெரிஞ்சுதான் போட்டனான். போன முறை ஆஸ்பத்திரிக்குப் போனதுக்கே இன்சூரன்ஸ்காரர் நூறு கேள்வி கேட்டவை. இப்ப ஊசியும் போட்டால் அதுவும் ஒரு கிளெய்ம் எண்டு பதிஞ்சிடும். மார்ச்சிலை புதுப்பிக்கமாட்டம் எண்டால் நான் என்ன செய்யிறது? இன்சூரன்ஸ் இல்லாமல் அப்பாவை இஞ்சை வச்சிருக்கேலாது. திருப்பி அனுப்பினால் அங்கை ஆர் இருக்கினம் அவரைப் பாக்க?"

"உது கிளெய்ம் எண்டு ஆர் சொன்னது?"

"ஏஜன்ற் அண்ணைதான். எல்லாருக்கும் தெரியுமக்கா."

எங்கள் ஆட்கள் 'எல்லாருக்கும் தெரியும்' என்று சொன்னால், ஒருவரும் விசாரித்துப் பார்க்கவில்லை என்று அர்த்தம். மற்றக் குடும்பங்களில் நாலு பேருக்கு எடுத்தேன். நாலு பேரும் அதே ஏஜன்ற் அண்ணையைச் சொன்னார்கள். அதில் அதிசயமில்லை. நாங்கள் கொம்பனியிடம் இன்சூரன்ஸ் வாங்குவதில்லை, தெரிந்த ஆளிடம் வாங்குகிறோம். யாருடையவோ தமையனோடு படித்தவர், கலியாணத்துக்கும் செத்தவீட்டுக்கும் முதல் ஆளாக வந்து நிற்பவர். பத்திரத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று பார்க்க மாட்டோம், அண்ணை சொன்னால் சரி.

அந்தச் சனிக்கிழமை அண்ணையைத் தேடிப் போனேன். பலசரக்குக் கடைக்கு மேலே அவருடைய கந்தோர். அவர் கீழே சாப்பாட்டுக் கடையில் ஒரு கையில் மட்டன் ரோலும் மற்றக் கையில் தேத்தண்ணியுமாக நின்றார். ஓட வழியில்லை.

"அண்ணை, வயசுபோனதுகளுக்கு ஃப்ளூ ஊசி போட்டால் இன்சூரன்ஸ் போயிடும் எண்டு சொன்னனீங்களோ?"

"நானோ? ஊசியைப் பற்றி நான் வாயே திறக்கேல்லைத் தங்கச்சி."

நான் விடவில்லை. யோசித்து யோசித்துக் கடைசியில் பிடித்துவிட்டார். மூன்று வருடத்துக்கு முந்தி ஒரு பெண்பிள்ளையின் சாமத்தியவீட்டுப் பந்தியில், 'சின்னத் தலையிடிக்கெல்லாம் கிளினிக்குக்கு ஓடாதேங்கோ, புது மருந்து எழுதினால் புதுப்பிக்கேக்கை கேள்வி வரும்' என்று பக்கத்தில் இருந்தவரிடம் சொல்லியிருக்கிறார். அவ்வளவுதான். அது பந்தியிலிருந்து கோயிலுக்குப் போய், கோயிலிலிருந்து போனுக்குப் போய், தலையிடி பிரஷராகி, பிரஷர் ஊசியாகி, ஒன்பது பேருடைய படிவத்தில் வந்து குந்திவிட்டது. பேனைப் பெருமாளாக்க எங்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

"அரசாங்கம் சும்மா போடுற ஊசிக்குப் பில் எங்கடை பக்கம் வராது. பில் வராட்டில் கிளெய்ம் எப்பிடி வரும்?" என்றார் அண்ணை. "உண்மையைச் சொன்னால், ஊசியைப் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போகாமல் இருந்தால் கொம்பனிக்குத்தான் லாபம்."

"உதை அப்பிடியே இதுக்குள்ளை சொல்லுங்கோ" என்று என் போனை அவர் வாய்க்கு முன்னால் பிடித்தேன்.

மனிதர் ரோலை விழுங்கிவிட்டு, செத்தவீட்டில் பேசும் குரலில், அழகாக இரண்டு நிமிடம் பேசினார். அங்கேயே நின்று அதைக் குடும்பங்களின் வாட்ஸ்அப் குழுவுக்கு அனுப்பினேன். நாலு நாளுக்குள் எட்டுப் படிவங்கள் 'வேண்டும்' என்று மாறி வந்தன. அந்த நாலு நாளும் நான் நடந்த நடையை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். எனக்கே கொஞ்சம் கூடிப்போனதாகத்தான் தெரிந்தது.

மாறாத ஒன்பதாவது ஐயாவுடையது. திரும்பவும் மகளுக்கு எடுத்தேன்.

"அண்ணை நல்லவர்தானக்கா. ஆனால் கடைசியிலை கடிதம் எழுதிறது அவர் இல்லை, கொம்பனி. எழுத்திலை இல்லாத ஒண்டை நம்பி அப்பாவை நான் இழக்கேலாது" என்றாள்.

அவளோடு சண்டை பிடிக்க எனக்கு வாய் வரவில்லை. அந்த நூறு கேள்விகளுக்கும் பதில் எழுதியவள் அவள். இரண்டு பக்கமும் அவளுக்கு அப்பாதான். ஊசியை விட்டால் குளிர்காலம் கொண்டுபோய்விடும் என்று நான் பயந்தேன், ஊசியைப் போட்டால் விமானம் கொண்டுபோய்விடும் என்று அவள் பயந்தாள்.

ஊசி போடும் நாள் வந்தது. காலையில் சாப்பாட்டு அறையில் மேசை போட்டு, மருந்துக்கடையிலிருந்து வந்த பார்மசிஸ்ற் பிள்ளை உட்கார்ந்திருந்தாள். இங்கே பிறந்து வளர்ந்த தமிழ்ப்பிள்ளை. மேலாளர் பெயர்ப்பட்டியலோடு நின்றார். பட்டியலில் இல்லாத ஐயாவைத் தேத்தண்ணி குடிக்க அழைத்து வந்து அந்த மேசைக்குப் பக்கத்திலேயே நான் இருத்தியது தற்செயல் என்று சொன்னால் நீங்கள் நம்பமாட்டீர்கள். நம்பவும் வேண்டாம்.

ஐயா தேத்தண்ணியைக் குடித்துக்கொண்டு, ஒவ்வொருவராகச் சட்டைக் கையை மடிப்பதைப் பார்த்தார்.

"என்ரை முறை எப்ப?"

"உங்கடை மகள் வேண்டாம் எண்டு கையெழுத்து வச்சிட்டா, ஐயா."

"எதிலை?"

"உங்கடை பேப்பரிலை."

"என்ரை பேப்பரிலை அவள் ஏன் கையெழுத்து வைக்கிறாள்?"

பார்மசிஸ்ற் பிள்ளை ஊசியைக் கீழே வைத்துவிட்டு நிமிர்ந்தாள். இவருக்கு மறதி, மனக்குழப்பம் ஏதும் இருக்கிறதா என்று மேலாளரிடம் இங்கிலீசில் கேட்டாள். இல்லை என்றார் மேலாளர். அப்படியானால் இவருடைய முடிவை இவர்தானே எடுக்க வேண்டும், சட்டம் அப்படித்தானே என்றாள். மேலாளர் பட்டியலைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பிறகு புதுப் படிவம் எடுக்கப் போனார். என் மூன்றாவது எச்சரிக்கை தப்பியது அங்கேதான்.

எனக்குக் கன்னத்தில் அறைந்ததுபோல இருந்தது. எங்கள் ஆட்கள் விமான நிலையத்தில் இறங்கியவுடனேயே பாஸ்போட், வங்கிப் புத்தகம், கையெழுத்து எல்லாம் பிள்ளைகளின் கைப்பைக்குள் போய்விடும். அன்பில்தான் போகும், அதை ஒருவரும் பிழையென்று நினைப்பதில்லை. இல்லமும் அந்தப் பழக்கத்தைப் பிடித்துக்கொண்டு படிவங்களைப் பிள்ளைகளுக்கே அனுப்பிவந்தது. நான் மட்டும் என்ன திறம்? ஊரெல்லாம் போன் எடுத்தேன், ஏஜன்றைக் கடையில் மடக்கினேன். நாளாந்தம் குளிப்பாட்டும் மனிதரிடம் 'உங்களுக்கு வேணுமோ' என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. வெட்கமாகத்தான் இருந்தது.

மகளின் இன்சூரன்ஸ் பயத்தை இருவருக்கும் இரண்டு வார்த்தையில் சொன்னேன். பிள்ளை ஐயாவுக்கு முன்னால் கதிரையை இழுத்துப் போட்டாள். "ஐயா, இது ஃப்ளூவை ஃபுல்லா நிப்பாட்டாது. ஆனா வந்தா சீரியஸ் ஆகிற சான்ஸ் குறையும். கை கொஞ்சம் நோகும். இன்சூரன்ஸுக்கு ஒண்டும் போகாது. ஓகேயா?"

"போகாது எண்டு எழுதித் தருவீரோ?"

அவள் சிரித்துக்கொண்டு, தன் கடையின் தலைப்புப் போட்ட தாளில் இரண்டு வரி எழுதிக் கையெழுத்திட்டுக் கொடுத்தாள். ஐயா அதை இரண்டு தடவை வாசித்தார். திகதி போடவில்லை என்று திருப்பிக் கொடுத்தார். திகதி போட்ட பிறகு நாலாய் மடித்துச் சட்டைப் பையில் வைத்தார்.

"இப்ப பேனையைத் தாரும்."

அவர் அவசரப்படவில்லை. முழுப்பெயரும் போட்டு, கீழே ஒரு கோடு இழுத்து, கோட்டின் நுனியில் புள்ளி வைத்தார். எங்கள் நாட்டில் ஒரு காலத்தில் தபாலில் வந்த காசுக்கட்டளைகள் அந்தக் கோட்டுக்கும் புள்ளிக்கும் காத்துக்கிடந்திருக்கும். பிறகு சட்டைக் கையைத் தானே மடித்தார். ஊசி இறங்கியது. அவர் முகத்தில் ஒரு சுருக்கமும் கூடவில்லை. நான் மற்றப் பக்கம் திரும்பிக் கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.

மேலாளர் மகளுக்கு அறிவித்திருந்தார். மதியம் நான் ஐயாவின் அறையில் நின்றபோது, அவள் குளிர்கோட்டைக்கூடக் கழற்றாமல் நேரே என்னிடம் வந்தாள்.

"அக்கா, நான் வேண்டாம் எண்டு சொன்னனான் எல்லே?"

நான் வாயைத் திறப்பதற்குள் ஐயா முந்திக்கொண்டார். "அவவை ஏசாதை. நான்தான் கையெழுத்து வச்சனான்." பையிலிருந்து அந்தத் தாளை எடுத்து நீட்டினார்.

அவள் நின்றபடியே வாசித்தாள். பிறகு கட்டிலில் உட்கார்ந்தாள். "உங்களைத் திருப்பி அனுப்பவேண்டி வந்திடும் எண்டுதான் பயந்தனான் அப்பா."

"தெரியும். ஆனால் நெஞ்சு என்ரை. என்னையும் ஒருக்காக் கேட்டிருக்கலாமே, பிள்ளை."

அவள் தலையைக் குனிந்துகொண்டு அழுதாள். ஐயா ஊசி போடாத கையால் அவள் முதுகைத் தடவினார்.

ஜனவரியில் ஃப்ளூ எங்கள் மாடிக்கும் வந்தது. ஐயாவையும் விடவில்லை. மூன்று நாள் காய்ச்சல், இருமல். நானும் மகளும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு பயந்து செத்தோம். நாலாம் நாள், இந்த ஓட்ஸ் கஞ்சியை மாடு குடிக்குமா என்று கேட்டார். தோசையும் சம்பலும் கொடுத்தோம், அம்புலன்ஸுக்கு வேலை இருக்கவில்லை. மார்ச்சில் இன்சூரன்ஸ் ஒரு கேள்வியும் இல்லாமல் புதுப்பித்து வந்தது. அந்தக் கடிதத்தைப் படம் எடுத்து மகள் எனக்கு அனுப்பினாள். நான் அதை ஏஜன்ற் அண்ணைக்கு அனுப்பினேன்.

இப்போது எங்கள் இல்லத்தில் நினைவு தெளிவாக உள்ளவர்களின் படிவம் முதலில் அவர்களிடம்தான் போகும். மேலாளரே மாற்றினார். இந்த ஒக்டோபரில் ஐயா இரண்டு பக்கத்தையும் ஆறுதலாக வாசித்து, கோடும் புள்ளியும் போட்டுத் தந்தார். ஊசி போட்ட அன்று மகளுக்குப் போன் எடுத்து, தங்கச்சி, ஐயாவின்ரை ஊசி விசயமாய் என்று தொடங்கினேன்.

"அதை ஏனக்கா என்னட்டைக் கேக்கிறீங்கள்? அவரைக் கேளுங்கோ."

"கேட்டாச்சு, போட்டாச்சு" என்றேன். "உங்களுக்குச் சொல்லத்தான் எடுத்தனான்."