ஜீவிதா மேடத்துக்குப் பிள்ளை உண்டா?

ரத்தினபாய் டீச்சரின் ஒரே மகன் ஸ்டெபின் படப்பை ரோட்டில் பைக்கிலிருந்து விழுந்து இறந்து வருஷமாகிறது. இரும்புலியூர் வீட்டில் அவன் பேச்சை எடுத்தாலே கணவர் எழுந்து வெளியே போய்விடுவார். தாம்பரத்தில் மனநல ஆலோசகர் ஜீவிதாவின் அறையில் மட்டும்தான், செவ்வாய்தோறும் ஒரு மணி நேரம், அவளால் அவன் பெயரை வாய்விட்டுச் சொல்ல முடிந்தது.

இத்தனையும் கேட்டுக்கொள்ளும் இந்தப் பெண்ணுக்குப் பிள்ளை உண்டா? பறிகொடுத்தவளா? ஒருநாள் கேட்டும் பார்த்தாள்.

“தெரிஞ்சுக்கிட்டா என்ன ஆகும்னு நினைக்கிறீங்க?” என்று ஜீவிதா திருப்பிக் கேட்டாள். வெளியே பழக்கம் வேண்டாம், சிகிச்சை கெட்டுவிடும் என்று முதல் நாளே சொல்லியிருந்தாள்.

ஆனாலும் வரவேற்பில் இருக்கும் ஜெனியிடம், யாரும் யாரையும் கேட்பதுபோல, “மேடம் எந்தச் சபைம்மா?” என்று கேட்டுவிட்டாள். பல்லாவரம் சர்ச் என்று தெரிந்தது.

ஞாயிறன்று அங்கே கடைசி வரிசையில், தூண் மறைவில் உட்கார்ந்தாள். முன்னால் ஜீவிதா. அவள் தோளில் சாய்ந்தபடி கல்லூரி வயதில் ஒரு பெண், அதே மூக்கு. ரத்தினபாய்க்கு வயிறு எரிந்தது. தன்னைப்போல் பிள்ளையைப் பறிகொடுத்த ஒருத்தியைத் தேடித்தான் வந்தோம் என்பது அப்போதுதான் உறைத்தது. நழுவிவிடப் பையை எடுத்தாள்.

“இன்னைக்குப் புதுசா வந்தவங்க எழுந்து நில்லுங்க,” என்றார் பாஸ்டர். அவள் சபையில் இந்த வழக்கமில்லை.

பக்கத்து அம்மாள் இடித்தாள். “எழுந்திரிங்க சிஸ்டர். பேருதானே கேக்கறாங்க, பாட்டா பாடச் சொல்றாங்க?”

மைக் கைக்கு வந்துவிட்டது. ஜீவிதா திரும்பினாள். முகம் இறுகியது.

“ரத்தினபாய். இரும்புலியூர்.”

“யாரு கூட்டிட்டு வந்தாங்க சிஸ்டர்?” என்றார் பாஸ்டர்.

“நானாத்தான் வந்தேன்.”

“எத்தனை பிள்ளைங்க?”

மைக்கில் அவள் மூச்சு இரைந்தது. “ஒரே பையன். ஸ்டெபின். போன வருஷம் இறந்துட்டான்.”

அந்த அறைக்கு வெளியே அவள் அதைச் சொன்னது அதுவே முதல் தடவை.

ஆராதனை முடிந்து வாசலில் ஜீவிதாவிடமும் மகளிடமும் நேருக்கு நேர் அகப்பட்டுக்கொண்டாள்.

“அம்மா, இவங்களை உனக்குத் தெரியுமா?” என்றாள் மகள். “அப்போ அப்படிப் பார்த்தியே!”

ஜீவிதா பைக்குள் வண்டிச் சாவியைத் தேடினாள்.

“இல்லம்மா,” என்றாள் ரத்தினபாய். “இன்னைக்குத்தான் பாக்கறோம்.”

“நீ போய் வண்டியை எடு,” என்று மகளை அனுப்பிவிட்டு ஜீவிதா குரலைத் தாழ்த்தினாள். “செவ்வாய்க்கிழமை வாங்க. ஏன் வந்தீங்கன்னு பேசியாகணும்.”

“அதுக்கப்புறமும் நான் வரலாமா, மேடம்?”

மகள் ஸ்கூட்டரை ஸ்டார்ட் செய்துவிட்டாள்.

“அதையும் அங்கதான் பேசணும்,” என்று சொல்லிவிட்டு ஜீவிதா நடந்தாள்.