யாரிட்டைப் படிக்கிறாய்?

நடந்ததை வரிசையாகச் சொல்லிவிடுகிறேன்.

1. எங்கள் பிரெஞ்சுப் பள்ளியின் வழிகாட்டல் ஆலோசகர் எனக்குத் தொழில்நுட்பப் படிப்புத்தான் பொருத்தம் என்றார். கெபெக்கில் பள்ளிக்கும் பல்கலைக்கழகத்துக்கும் நடுவில் சீஜெப் என்ற கல்லூரி இருக்கிறது. அங்கே மின்னணுத் தொழில்நுட்பத்தில் சேர்ந்தேன்.

2. படிப்பு முடிய ஒரு வருடம் இருக்கும்போது பொறியியலுக்குப் போக முடிவு செய்து பல்கலைக்கழகத்தில் கேட்டேன். வரலாம், ஆனால் உன் கணிதமும் விஞ்ஞானமும் போதாது, முதலில் ஒரு ஆயத்த வருடம் படி என்றார்கள்.

3. அதே பல்கலைக்கழகத்தின் இணையப் பக்கத்தில் ஒரு மூலையில், ஏபி தேர்வில் நல்ல புள்ளி எடுத்தவர்களுக்கு அந்தந்தப் பாடத்தின் கிரெடிட் கொடுக்கப்படும் என்று இருந்தது.

4. ஏபி என்பது உயர்பள்ளியில் எழுதும் பல்கலைக்கழகத் தரத் தேர்வு. இங்கே சில தனியார் ஆங்கிலப் பள்ளிகள் அதற்கு வகுப்பு வைக்கின்றன. வகுப்புக்குப் போகாமலும் எழுதலாம். தேர்வு நாளில் உட்கார ஒரு கதிரை தருவதற்கு ஏதாவது ஒரு பள்ளி சம்மதித்தால் போதும்.

5. நுண்கணிதத்தையும் பௌதிகத்தையும் நானே படிக்கத் தொடங்கினேன்.

6. கதிரை கிடைக்கவில்லை.

ஆறாவதைக் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும். ஆங்கிலப் பள்ளிகளுக்கு ஒவ்வொன்றாகத் தொலைபேசி எடுத்தேன். வெளியாட்களைச் சேர்ப்பதில்லை என்று சில பள்ளிகள் கூறின. ஒரு பள்ளியில் என்னை மாணவியின் தாய் என்று நினைத்து, பிள்ளையுடன் பேச வேண்டும் என்றார்கள். பிள்ளை நான்தான் என்றதும் தொலைபேசியை வைத்துவிட்டார்கள். தேர்வு மே மாதத்தில்தான் என்றாலும் பதிவு இலையுதிர் காலத்திலேயே முடிந்துவிடும். நோத்ர-டாம்-த-கிரேஸில் எங்கள் தெருவில் இலைகள் ஏற்கெனவே பாதி விழுந்திருந்தன.

அம்மாவுக்குத் தெரிந்த அன்ரி ஒருவர் நகரின் மேற்குப் புறநகரான டொலார்ட்டில் இருந்தார். அவருடைய மகன் படிக்கும் பள்ளியில் அந்தத் தேர்வு நடக்கிறது. அன்ரி அங்கே பெற்றோர் குழுவில் இருப்பவர், அவர் ஒரு வார்த்தை சொன்னால் நடக்கும் என்றார் அம்மா. ஞாயிற்றுக்கிழமை முருகன் கோவிலில், சாப்பாட்டு வரிசையில் வைத்துக் கேட்டோம்.

"அந்தச் சோதினையோ? என்ர மகன் வகுப்பிலை இருந்துமே திணறுறான்" என்றார் அன்ரி. "நீர் யாரிட்டைப் படிக்கிறீர்?"

"நானேதான் அன்ரி."

அன்ரி என்னைப் பார்க்கவில்லை, அம்மாவைப் பார்த்தார். "அக்கா, எங்களிட்டையும் ஒளிக்கிறியளோ?"

எங்கள் சனத்தை அறியாதவர்களுக்கு இது விளங்காது. நல்ல ரியூசன் ஆசிரியரின் பெயரை நாங்கள் வெளியே சொல்வதில்லை. ஒருவருடைய பேஸ்மென்ரில் சனிக்கிழமை வகுப்பில் பத்துப் பிள்ளைகள்தான் இருக்க முடியும். பதினோராவது பிள்ளை எங்கள் பிள்ளையை முந்திவிடும் என்ற பயம். அம்மாவும் ஒருகாலத்தில் ஒளித்தவர்தான். நான் சின்ன வகுப்பில் கணக்கு ரியூசனுக்குப் போகும்போது, மின்தூக்கியில் யாராவது கேட்டால் "பல்லுக்குக் காட்டப் போறம்" என்பார். அந்தக் கட்டடத்தில் என் பற்களைப் பற்றி என்ன நினைத்திருப்பார்களோ தெரியாது. அதனால், தனக்குக் கிடைத்த பதிலை அன்ரி ஏன் நம்பவில்லை என்பது அம்மாவுக்கு நன்றாகவே விளங்கியது.

திரும்பும்போது காரில் அம்மா சொன்னார்: "ஒரு பேரைச் சொல்லிவிடு பிள்ளை. ரொறன்ரோவிலை ஒரு சேர், ஒன்லைனிலை படிப்பிக்கிறார் எண்டு."

"பேந்து அவ நம்பரைக் கேட்டால்?" என்றார் கார் ஓட்டிக்கொண்டிருந்த அப்பா.

"அவர் இப்ப புதுப் பிள்ளையளை எடுக்கிறேல்லை எண்டு சொல்லலாம்."

"நல்லா யோசிச்சு வைச்சிருக்கிறாய்."

"நான் சொல்லமாட்டன்" என்றேன்.

"அப்ப கதிரை?"

"கதிரைக்காக இல்லாத ஒரு சேரை உண்டாக்க ஏலாது அம்மா."

"பொய்யாலை ஆருக்கு நட்டம்? அவருக்கோ? அவர்தான் இல்லையே."

அப்பா சிரித்துவிட்டார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. நட்டம் எனக்குத்தான். பள்ளியில் எனக்கு எது வரும், எது வராது என்று ஆலோசகர் சொன்னார். சீஜெப்பில் ஆய்வுகூடத்தில் நான் பற்றவைத்த மின்சுற்று ஒழுங்காக வேலை செய்தால், பக்கத்தில் இருந்த பெடியன் உதவினானா என்று கேட்டார்கள். இப்போது நான் எடுக்கப்போகும் புள்ளியையும் பிறக்காத ஒரு மனிதருக்கு முன்கூட்டியே எழுதிக்கொடுக்கச் சொன்னால் எப்படி? தேர்வே எழுதாமல் ஆயத்த வருடத்தை முழுதாகப் படித்துவிட்டுப் போகிறேன் என்றேன்.

அடுத்த சனிக்கிழமை அன்ரி எங்கள் வீட்டுக்கு வந்தார். எப்போதோ வாங்கிப்போன இடியப்பத் தட்டுகளைத் திருப்பிக் கொடுக்க வந்ததாகச் சொன்னார். தட்டுகளுக்காக யாரும் டொலார்ட்டிலிருந்து நெடுஞ்சாலையில் வருவதில்லை. சனிக்கிழமை ரியூசன் நாள். சேரைக் கையும் களவுமாகப் பிடிக்க வந்திருந்தார்.

"கீழை உடுப்புத் தோய்க்கிற அறையிலை இருக்கிறாள், போய்ப் பாருங்கோ" என்று அம்மா அனுப்பிவிட்டார்.

கட்டடத்தின் அடித்தளத்தில் இருக்கும் அந்த அறைதான் என் வகுப்பறை. சூடாக இருக்கும், இயந்திரங்களின் இரைச்சலில் வேறு சத்தம் கேட்காது, துணி மடிக்கும் மேசை அகலமானது. அன்ரி வாசலில் நின்று அறையை முழுதாகப் பார்த்தார்.

"சேர் எங்கை?"

சுற்றிக்கொண்டிருந்த உலர்த்தியைக் காட்டினேன். "அதுக்குள்ளை."

அவர் சிரிக்கவில்லை. வாங்கில் உட்கார்ந்து, நான் ஒரு பழைய வினாத்தாளைச் செய்வதைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"விளங்காட்டி ஆரைக் கேப்பீர்?"

"திரும்ப வாசிப்பன்."

"அப்பவும் விளங்காட்டி?"

"உடுப்பை மடிச்சுப்போட்டு வந்து வாசிப்பன்."

"உமக்கு வாய் கூட" என்று எழுந்து போனார். பள்ளியில் எனக்காக அவர் எதுவும் கேட்கவில்லை. ஆனால் வேறு சிலரிடம், "நேரிலை போய்ப் பாத்தும் அவையள் சேரின்ர பேரைச் சொல்லேல்லை" என்று சொன்னதாக அறிந்தோம்.

அன்ரியின் மகன் படிக்கும் பள்ளியின் தேர்வுப் பொறுப்பாளருக்கு நானே எழுதினேன். யாருடைய சிபாரிசும் இல்லை. பழைய வினாத்தாள்களுக்கு என் கையால் எழுதிய விடைகளைப் படம்பிடித்து இணைத்தேன். பதில் வந்தது: நுண்கணிதத்துக்கு ஒரு இடம் தரலாம், பௌதிகத் தேர்வு இங்கே நடப்பதில்லை, நேரில் வந்து பதிவு செய்யவும். மெற்றோ, பிறகு ஒரு பஸ், பிறகு இன்னொரு பஸ். பொறுப்பாளர் தன் கணினியில் என் விவரங்களை நிரப்பிக்கொண்டே வந்து, "உன் ஆசிரியர் யார்?" என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

"யாரும் இல்லை."

"இந்தக் கட்டத்தை வெறுமையாக விட முடியாது."

"அப்படியானால் என் பெயரைப் போடுங்கள்."

அவர் என் பெயரையே இரண்டாவது தடவையும் தட்டினார். வெளியே வந்து எதிரில் இருந்த தெபனர் என்ற மூலைக்கடையில் ஒரு கோப்பி வாங்கி, பஸ் தரிப்பில் நின்று குடித்தேன்.

மே மாதம் தேர்வு மண்டபத்தில் எல்லோரும் சீருடையில் இருந்தார்கள். ஒரு பெண்பிள்ளை என்னைக் கண்காணிப்பாளர் என்று நினைத்து, பையை எங்கே வைப்பது என்று கேட்டாள். எனக்கும் தெரியாது என்றேன்.

அங்கே நான் ஒரு பிழை விட்டேன், அதையும் எழுதத்தான் வேண்டும். பிரெஞ்சில் படித்த நாங்கள் தசமத்துக்குப் புள்ளி வைப்பதில்லை, கால்புள்ளி வைப்போம். மூன்று தசம இடங்களுக்கு விடை எழுதச் சொன்ன கேள்விகளில் நானும் பழக்கத்தில் கால்புள்ளி வைத்துக்கொண்டே போனேன். ஆங்கிலத்தில் வாசிப்பவருக்கு அது ஆயிரக் கணக்கில் தெரியும். இரண்டு சொச்சம் இரண்டாயிரத்துச் சொச்சமாகிவிடும். கடைசி நேரத்தில்தான் கண்ணில் பட்டது. ஒவ்வொன்றாக வெட்டித் திருத்தினேன். திருத்திய நேரத்தில் கடைசிக் கேள்வியின் பாதி போய்விட்டது. ஒரு ஆசிரியர் இருந்திருந்தால் முதல் கிழமையிலேயே சொல்லியிருப்பார். உண்மைதான். ஆனால் அந்தப் பிழையைக் கண்டுபிடித்ததும் நான்தான்.

யூலையில் புள்ளி வந்தது. ஐந்துக்கு நான்கு.

"நாலோ?" என்றார் அம்மா. "அஞ்சு இல்லையோ?"

"அந்த உலர்த்திக்கு அவ்வளவுதான் தெரியும்போலை" என்றார் அப்பா.

அன்றைக்கே அன்ரி தொலைபேசி எடுத்தார். அம்மா ஒலிபெருக்கியில் போட்டார். வாழ்த்தெல்லாம் முடிந்த பிறகு அன்ரி குரலைத் தாழ்த்தி, "இனியாவது பேரைச் சொல்லுங்கோ அக்கா, மகனுக்கு இன்னும் ஒரு வருசம் கிடக்கு" என்றார்.

அம்மா என்னைப் பார்த்தார். இது அவருடைய முறை.

"ஒருத்தரும் இல்லை" என்றார் அம்மா. "அவள் தனியத்தான் படிச்சவள். நம்பாட்டி விடுங்கோ."

அன்ரி நம்பவில்லை. இருவரும் இப்போது கோவிலில் தலையை மட்டும் ஆட்டிக்கொள்கிறார்கள்.

இன்றைய நிலை இது. நுண்கணிதப் பாடங்கள் இரண்டுக்கும் பல்கலைக்கழகம் கிரெடிட் தந்துவிட்டது. பௌதிகத்துக்கும் இரசாயனத்துக்கும் நான் தேர்வு எழுதாததால் இல்லை. அவற்றை இந்தத் தவணையில் வகுப்பில் இருந்து படிக்கிறேன், கூடவே பொறியியல் மாணவர்களுடன் அடுத்த கணிதப் பாடத்தையும். ஆயத்த வருடத்தில் பாதி குறைந்துவிட்டது, மற்றப் பாதியை இன்னும் முடிக்க வேண்டும்.