ராதா நேர்ந்துகொண்ட என் முடி

என் தலையில் சீழ் வைத்தது. இதை எழுத எனக்கு வெட்கம் இல்லை. இருந்த வெட்கமெல்லாம் போன வருடத்தோடு தீர்ந்துவிட்டது.

முருகன் அடியார்கள் படிக்கும் இடத்தில் போய் இதை எழுதுகிறானே என்று சிலர் முகம் சுளிக்கலாம். சுளிக்கட்டும். வீட்டில் பூ மணந்தது, கனவில் வேல் தெரிந்தது என்றெல்லாம் எனக்கு எதுவும் நடக்கவில்லை. எனக்கு நடந்தது சீழ், காய்ச்சல், சண்டை. அதற்குள்தான் முருகன் வந்தான். அதனால் நடந்ததை நடந்தபடியே சொல்கிறேன்.

என் பெயர் குணசேகரன். சிங்கப்பூரில், குவீன்ஸ்டவுனில் மனைவி ராதாவோடு இருக்கிறேன். அடுக்குமாடிகளில் லிஃப்ட் பழுது பார்ப்பது என் வேலை. முப்பது வயதிலேயே முன்தலை முடியெல்லாம் போய்விட்டது. வேலை இடத்தில் யாரும் என்னைக் குணா என்று கூப்பிட்டதில்லை. மொட்டை என்றுதான் கூப்பிடுவார்கள்.

"மொட்டையக் கூப்பிடு, பன்னிரண்டாவது மாடியில லிஃப்ட் நிக்குது."

"மொட்டை, உனக்கு ஹெல்மெட் எதுக்கு? ஏற்கெனவே ஒண்ணு போட்டுட்டுத்தானே வந்திருக்க?"

என்னோடு வேலை செய்யும் பாண்டியன்தான் இதில் முன்னால் நிற்பான். நானும் சேர்ந்து சிரிப்பேன். வீட்டுக்கு வந்து ராதாவிடம் எரிந்து விழுவேன். அவளுக்கு ஏன் என்று தெரியாது. சோற்றில் உப்பு இல்லை என்பேன், காற்றாடி சத்தம் போடுகிறது என்பேன்.

போன வருடம் ஜூன் விடுமுறையில் தமிழ்நாட்டுக்குப் போய் முடி நடும் சிகிச்சை செய்துகொண்டேன். பின்தலையிலிருந்து முடியை வேரோடு எடுத்து முன்தலையில் ஒவ்வொன்றாக நடுவார்கள். எந்த ஊர், எந்த இடம் என்று எழுத மாட்டேன். நட்ட முடி முதலில் கொட்டும், பயப்படாதீர்கள், பிறகு முளைக்கும் என்றார்கள். அப்படியே நடந்தது. மழை பார்த்த புல் மாதிரி மெல்லிசாக முளைத்து வந்தது. குளியலறைக் கண்ணாடி முன்னால் நெடுநேரம் நின்றேன். ராதா கதவைத் தட்டினாள்.

முடிக்குப் பின்னாலேயே பரு வந்தது.

சின்னப் பரு. மஞ்சள் தலை. உடையும், காயும், பக்கத்தில் இன்னொன்று வரும். கைத்தொலைபேசியில் படம் எடுத்து, ஊரில் முடி நட்ட இடத்துக்கு அனுப்பினேன். "நார்மல் சார், புது முடி வெளிய வர்றப்ப இப்படித்தான் இருக்கும்" என்று பதில் வந்தது. மறுபடி அனுப்பினேன். "நார்மல் சார்." மூன்றாவது முறை பதிலே இல்லை. பார்த்துவிட்டார்கள் என்பதற்கு நீலக் குறி மட்டும் விழுந்தது.

இங்கே பக்கத்து கிளினிக்கில் காட்டினேன். மாத்திரை கொடுத்தார்கள். சாப்பிடும்வரை அடங்கும், நிறுத்தினால் திரும்ப வரும். பிறகு தோல் மருத்துவரிடம் அனுப்பினார்கள். அவர் ஒரு சீனப் பெண்மணி. பொறுமையானவர். முடியை ஒட்ட வெட்டிவிட்டுத் தலை முழுவதையும் பார்க்க வேண்டும், சீழை எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்ப வேண்டும் என்றார். வெட்டினால் வேருக்கு ஒன்றும் ஆகாது, முடி திரும்ப வரும் என்றும் சொன்னார். நான் நம்பவில்லை. பல வருடம் கேலி கேட்டுவிட்டு இப்போதுதான் கொஞ்சம் முடியைப் பார்க்கிறேன், அதிலும் கை வைக்க வருகிறார்களே என்று கோபம். "முன்னால் மட்டும் பாருங்கள், தொடாமல் பாருங்கள்" என்றேன். அவர் பெருமூச்சு விட்டுக் களிம்பு எழுதிக் கொடுத்தார். காய்ச்சல் வந்தால் ஒரு நாளும் தள்ளாமல் வா என்று சொல்லித்தான் அனுப்பினார்.

அதற்குப் பிறகு நான் செய்தது நம் ஆட்கள் மட்டுமே செய்யக்கூடிய வேலை. கோயிலில் கொடுத்த சந்தனத்தையும் திருநீற்றையும் வீட்டுக்குக் கொண்டுவந்து, தண்ணீரில் குழைத்து, புண் மேல் பூசினேன். தினமும் பூசினேன். சாமி பிரசாதம், அது கெடுதல் செய்யுமா என்ற எண்ணம். அது காய்ந்து புண்ணோடு ஒட்டி ஓடு மாதிரி ஆகிவிடும். அதன் மேல் துணித்தொப்பி. அதன் மேல் ஹெல்மெட். லிஃப்ட் இயந்திர அறையில் இருக்கும் சூடு உங்களுக்குத் தெரியாது. உள்ளே எல்லாம் அவிந்தது. வாடை வர ஆரம்பித்தது.

ஒரு நாள் பாண்டியன் என் பக்கத்தில் வந்து, கொஞ்சம் தள்ளியே நின்றான்.

"அண்ணே, டாக்டர்ட்ட காட்டுனீங்களா?"

அண்ணே என்றான். அன்றைக்குத்தான் எனக்கு முதல் பயம் வந்தது.

தீபாவளி நெருங்கியது. சிராங்கூன் ரோடு முழுக்க விளக்கு போட்டிருந்தார்கள். ராதா பலகாரத்துக்கும் பூவுக்கும் தனியாகப் போய் வந்தாள். நான் காய்ச்சலோடு சோபாவில் கிடந்தேன். கழுத்துக்குப் பின்னால் உருண்டை உருண்டையாக நெறி கட்டியிருந்தது. தலையணையில் தலை வைக்க முடியவில்லை. டாக்டர் சொன்னது நினைவில் இருந்தது. போனால் முடியை வெட்டுவார்கள் என்று போகாமலே கிடந்தேன். என்னை என்ன சொல்வது!

அப்போதுதான் ராதா கைப்பையைக் கூடக் கீழே வைக்காமல் சொன்னாள்.

"வர்ற வழியில கோயிலுக்குப் போனேங்க. முருகன்கிட்ட நேர்ந்துக்கிட்டேன்."

"என்னான்னு?"

"தலை சரியாயிட்டா மொட்டை போடுறோம்னு."

"போடுறோம்னா? யாருக்கு, உனக்கா?"

"உங்களுக்குத்தான்."

எழுந்து உட்கார்ந்தேன். தலை சுற்றியது. "என் முடிய நேர்ந்துக்க நீ யாருடி?"

"உங்க பொண்டாட்டி. வேற யாரு நேர்ந்துக்குவா, எதுத்த வீட்டு ஆன்ட்டியா?"

"என்னைய ஒரு வார்த்தை கேக்க வேணாம்?"

"கேட்டா சரின்னு சொல்லியிருப்பீங்களா? அதான் கேக்கல லா."

"உனக்கு அவ்வளவு பக்தின்னா உன் முடியக் குடேன்!"

"அதத்தான் முதல்ல சொல்ல நெனச்சேன்" என்றாள். "அப்புறம் யோசிச்சேன். எனக்கு என் முடி மேல பெரிய ஆசை ஒண்ணும் கெடையாது. ஆசை இல்லாதத குடுத்தா அது என்ன குடுக்குறது?"

கையில் இருந்த துண்டைச் சுவரில் வீசினேன். அதற்குப் பிறகு அவளிடம் பேசவே இல்லை. கஞ்சி வைத்தாள், குடித்தேன். தீபாவளியன்று எண்ணெய் தேய்க்கவில்லை. வீட்டில் இரண்டு பேர் இருந்தோம், ஒரு பேச்சு இல்லை.

ஆனால் அவள் சொன்னது உள்ளே அரித்தது. நான் வாய் திறக்கவில்லைதான். இருந்தாலும் என் பெயரைச் சொல்லி முருகனிடம் ஒரு சொல் போய்விட்டது. நமக்கெல்லாம் அதை விளையாட்டாக எடுத்துக்கொள்ளத் தெரியாது. அதனால் ஒரு முடிவுக்கு வந்தேன். நேரில் போய் அந்த நேர்த்தியை ரத்து செய்துவிட்டு வருவது.

வேலைக்கு லீவு போட்டிருந்த ஒரு சாயங்காலம், காய்ச்சலோடு கோயிலுக்குப் போனேன். வழி முழுக்க மனதுக்குள் பேசிக்கொண்டே போனேன். முருகா, அவள் சொன்னது செல்லாது. நீ கணக்கில் எடுக்காதே. முடியையும் விடு, புண்ணையும் ஆற்று. அவ்வளவுதான் நான் கேட்பது.

சந்நிதி முன் குருக்கள் தட்டோடு வந்தார். பெயரும் நட்சத்திரமும் கேட்டார். சொன்னேன்.

"தொப்பிய எடுத்துடுங்கோ."

எடுக்கப் பார்த்தேன். வரவில்லை. புண்ணோடு ஒட்டியிருந்தது. பின்னால் வரிசையில் ஆட்கள் நிற்கிறார்கள் என்று பதறி ஒரே இழுவையாக இழுத்தேன். மேல்தோல் பிய்ந்து வந்தது. சீழும் இரத்தமும் நெற்றியில் இறங்கிப் புருவத்தில் நின்றது.

"மம்மி, அங்கிள் தலை!" என்று பின்னால் ஒரு சின்னப் பெண் கத்தினாள். அவள் அம்மா அவளைச் சட்டென்று இழுத்துக்கொண்டார். எனக்குப் பக்கத்தில் ஒரு வட்டம் காலியானது.

குருக்கள் மட்டும் நகரவில்லை.

"டாக்டர்ட்ட காட்டலையா?"

"காட்டுனேன் சாமி. முடிய வெட்டணும்னாங்க. நான் விடல."

"ஏன்?"

அவர் திட்டவில்லை. சும்மாதான் கேட்டார். நான் வாயைத் திறந்தேன். பாண்டியன் மொட்டை என்பான், அதனால் என்று சொல்ல வேண்டும். முருகன் முன்னால் நின்று அதைச் சொல்ல என்னால் முடியவில்லை. அவர் என் கையில் திருநீறு வைத்தார். "நெத்தியில மட்டும் இட்டுக்கோங்கோ. புண்ணுல வேண்டாம்" என்று சொல்லிவிட்டு அடுத்தவரிடம் போனார்.

நான் கை கூப்பவில்லை. கண்ணீர் வந்தது, அதுவும் கோபத்தில் வந்த கண்ணீர்தான். உள்ளே இப்படித்தான் சொன்னேன்: எடுத்துக்கோ. முடிதானே வேண்டும், எடுத்துக்கோ. ராதாவுக்கு என்னை விட்டு வை.

நான் செய்த பிரார்த்தனை மொத்தமும் அதுதான்.

மறுநாள் காலை ராதாவைக் கூப்பிட்டுக்கொண்டு தோல் மருத்துவரிடம் போனேன். முடியை எடுக்க ஒரு தமிழ்த் தாதி வந்தார். கையில் முடி வெட்டும் மெஷின்.

"உக்காருங்க அங்கிள்."

அங்கிளாம். சரி. உட்கார்ந்தேன். "கிழக்கு எந்தப் பக்கம்மா?" என்று கேட்டேன்.

"கிழக்கா? தெரியலையே அங்கிள். அந்தப் பக்கம் கார்பார்க் லா."

கார்பார்க் பக்கம் திரும்பினேன். அவர் என் முகத்தைப் பார்த்தார், ராதா முகத்தைப் பார்த்தார்.

"நேர்த்தியா?"

ராதா தலையாட்டினாள். அந்தப் பெண் மெஷினை வைத்துவிட்டுக் கைத்தொலைபேசியை எடுத்துத் திசை பார்த்தார். "சிங்க் இருக்குற பக்கம்தான் கிழக்கு" என்று சொல்லி நான் உட்கார்ந்திருந்த நாற்காலியை அப்படியே திருப்பிவிட்டார். கை கழுவும் தொட்டியைப் பார்த்தபடி எனக்கு முடி இறக்கினார்கள். ராதா என் கையைப் பிடித்துக்கொண்டு அரோகரா என்றாள், சத்தமில்லாமல். நான் ஆசைப்பட்ட முடி முழுவதும் தரையில் விரித்திருந்த நீலக் காகிதத்தில் விழுந்தது.

பிறகு டாக்டர் வந்து பார்த்தார். முன்தலையைப் பார்த்தார். பின்தலைக்குப் போனவர் அங்கேயே நின்றுவிட்டார். முன்னால் நடுவதற்காக ஊரில் முடி எடுத்த இடத்தில், இதுவரை அடர்ந்த முடிக்கு அடியில் மறைந்திருந்த, நெல்லிக்காய் அளவு ஒரு கட்டி. பழுத்து மெத்தென்று இருந்தது. இத்தனை மாதமும் எல்லோரும் முன்னாலேயே பார்த்தோம், நானும் உட்பட. அதைக் கீறினார். உள்ளே சீழும், சுருண்டு கிடந்த முடித் துண்டுகளும். கிருமி குடியிருந்தது அங்கே. அன்றே மருத்துவமனையில் சேர்த்தார்கள். இன்னும் கொஞ்ச நாள் விட்டிருந்தால் இரத்தத்தில் கலந்திருக்கலாம் என்றார் டாக்டர். பரிசோதனையில் கிருமி எது என்று தெரிந்தது. நான் அதுவரை சாப்பிட்ட மாத்திரைக்கு அது அடங்காதாம். மருந்தை மாற்றி நரம்பில் ஏற்றினார்கள். காய்ச்சல் இறங்கியது.

கட்டிலில் படுத்திருந்தபோது ஒன்று புரிந்தது. சரியானால் மொட்டை என்றுதான் ராதா நேர்ந்துகொண்டாள். முருகன் அந்த வரிசையில் செய்யவில்லை. மொட்டையை முதலில் வாங்கிக்கொண்டான். அதனால்தான் கட்டி தெரிந்தது, அதனால்தான் நான் பிழைத்தேன். காப்பாற்றியது டாக்டர்தானே என்று கேட்பீர்கள். ஆமாம், டாக்டர்தான். ஆனால் அதே டாக்டர் அதையே முன்பு சொன்னபோது நான் தலையைக் கொடுக்கவில்லை. கொடுக்க வைத்தது யார்?

எல்லாம் நன்றாகிவிட்டது என்று எழுத எனக்கும் ஆசைதான். பின்தலையில் இப்போது ஒரு தழும்பு இருக்கிறது. முன்னால் சில இடங்களில் முடி இனி வராது. இன்றும் காலையில் எழுந்தவுடன் விரலால் தலையைத் தடவிப் பார்க்கிறேன். ஒரு சின்னப் பரு தட்டுப்பட்டாலும் ராதாவைக் கூப்பிட்டுக் காட்டுகிறேன். ஊரில் "நார்மல் சார்" என்றவர்களை மன்னித்துவிட்டேன் என்றும் எழுத முடியவில்லை. மன்னிக்கும் மனதையும் முருகனிடம் கேட்டிருக்கிறேன். இன்னும் கொடுக்கவில்லை.

ஆனால் முடி வந்தது. டாக்டர் சொன்னபடியே வந்தது. பங்குனிக்குள் சீவும் அளவுக்கு வந்துவிட்டது. "அண்ணே, மாப்பிள்ளை மாதிரி இருக்கீங்க" என்றான் பாண்டியன். குருக்களிடம் போய், கிளினிக்கில் எடுத்தது கணக்கில் சேருமா என்று கேட்டேன். "நாற்காலி எங்கே இருந்ததுன்னா முருகன் கேக்கப்போறான்? தீர்ந்துடுத்து, போங்கோ" என்று சிரித்தார்.

பங்குனி உத்திரத்தன்று காலையில் நான் வேட்டி கட்டுவதை ராதா பார்த்தாள். "அதான் தீர்ந்துருச்சுன்னு சொன்னாரே. எதுக்குங்க மறுபடியும்? இப்பத்தானே நல்லா வளந்துருக்கு" என்றாள்.

"அது டாக்டர் எடுத்தது. இது நான் குடுக்குறது" என்றேன்.

அவள் அடுப்படிக்குப் போய் முகத்தைக் கழுவிக்கொண்டு வந்தாள்.

டாக்டரிடம் முன்பே கேட்டிருந்தேன். புது பிளேடு, தழும்பில் அழுத்தக் கூடாது என்றார். கோயிலில் முடி இறக்குபவர் அப்படியே செய்தார். முடித்தவுடன் வழக்கம்போல் தலையில் பூசச் சந்தனக் கிண்ணத்தை எடுத்தார். நெற்றியில் மட்டும் போதும் என்றேன்.

மறுநாள் வேலைக்குத் தொப்பி இல்லாமல் போனேன். பாண்டியன் என்னைப் பார்த்தான். வாயைத் திறந்தான், மூடிக்கொண்டான்.

"சொல்லுடா" என்றேன்.

"மொட்டை... பன்னிரண்டாவது மாடியில லிஃப்ட் நிக்குது."

"வர்றேன்" என்று ஹெல்மெட்டை எடுத்துக்கொண்டு போனேன். அன்றைக்கு வீட்டுக்கு வந்து ராதாவிடம் எரிந்து விழவில்லை. சோறு நன்றாக இருந்தது.

இதைப் படிக்கும் அடியார்களே, உங்களிலும் யாராவது எதையாவது மூடி வைத்துக்கொண்டு, நாளைக்கு ஆறிவிடும் என்று உட்கார்ந்திருப்பீர்கள். ஆறாது. டாக்டரிடம் போங்கள், முருகனிடமும் போங்கள். இரண்டு இடத்திலும் தொப்பியைக் கழற்றுங்கள். நல்ல வார்த்தையில் கும்பிட வரவில்லை என்றால் பரவாயில்லை, சண்டை போடுங்கள். சண்டை போட வந்த எனக்கே அவன் காது கொடுத்தான். உங்களுக்கும் கொடுப்பான்.