பாத் நகரில் பார்க்கப்போகும் இடம்

இங்கிலாந்து விசாப் படிவம் நிரப்ப இன்று காலை வியா மக்வேதா தெருவில் இருக்கும் தமிழ்க் கடைக்குப் போனேன். அக்கா இருப்பது பாத் நகரில். அவளைப் பார்த்துப் பதினொரு வருடம்.

“அக்காவைப் பாக்க எண்டு எழுதியாச்சு. வேறை என்ன பாக்கப் போறீங்கள்?” என்றார் கடைக்காரர்.

அங்கிருந்தே அக்காவுக்குக் கோல் எடுத்துக் கேட்டேன்.

“ரோமர் குளிச்ச இடம் ஒண்டு இருக்கடி. சனமெல்லாம் அதைப் பாக்கத்தான் வருது. எனக்கெங்கை நேரம், நான் இன்னும் உள்ளுக்கை போகேல்லை.”

கடைக்காரர் அதையே எழுதி அனுப்பிவிட்டார். நானும் நிம்மதியாக வேலைக்குப் பஸ் ஏறினேன்.

லிபெர்த்தா தெருவில், நான் வேலை செய்யும் வீட்டுக்காரி சிஞ்ஞோராவின் குளியலறையைத் தேய்த்துக்கொண்டிருந்தபோதுதான் கை அப்படியே நின்றது.

படிவத்தில் என் தொழில் வீடு துப்பரவு. போகும் ஊரின் பெயருக்கே இங்கிலீசில் குளியல் என்று அர்த்தம். பார்க்கப்போவதோ குளிக்கும் இடம். வாசிக்கிற அதிகாரி, இவள் சுற்றிப்பார்க்க வருகிறாள் என்று நம்புவாரா, கழுவ வருகிறாள் என்று நினைப்பாரா?

கடைக்குக் கோல் அடித்தேன். “இனி மாத்தேலாது. சும்மா பதறாதேங்கோ” என்கிறார்.

பாத்தில் இருக்கிற ஆட்களே, அதிகாரி என்னைக் கூப்பிட்டுக் கேட்டால் சொல்வதற்கு, தேய்க்க ஒன்றுமே இல்லாத இடம் ஏதாவது அங்கே இருந்தால் கீழே எழுதுங்கோ.