இடுப்பில் குழந்தையோடு வந்த ஆட்டக்காரிகள்

எங்கள் குப்பத்தில் பந்தாட வந்த பெண்பிள்ளைகள் யாரும் தனியாக வந்ததில்லை. ஒவ்வொருத்தி இடுப்பிலும் ஒரு குழந்தை இருக்கும். தம்பியோ தங்கச்சியோ, அக்கா பெற்றதோ. அம்மாக்கள் மீன் கூடையோடு மயிலாப்பூருக்குப் போய்விடுவார்கள். குழந்தை பெரிய பெண்ணின் இடுப்புக்கு வந்துவிடும். பதினோரு பேர் ஆட வந்தால் கூடவே பதினோரு குழந்தைகளும் வரும்.

குப்பம் சாந்தோமுக்குத் தெற்கே, அடையாறு கடலில் சேரும் இடத்துக்குப் போகிற வழியில் இருக்கிறது. யுத்தத்துக்காகக் கரையில் கூடாரம் போட்டிருந்த பட்டாளத்தார் கிளம்பிப் போனபோது ஒரு தோல் பந்தை விட்டுவிட்டுப் போனார்கள். பையன்கள் அதை ஒரு வாரம் உதைத்தார்கள். உள்ளே இருந்த ரப்பர் பை கிழிந்ததும் தூக்கிப் போட்டார்கள். நான் அதை எடுத்துப்போய் சைக்கிள் கடையில் ஒட்டுப் போட்டு வாங்கி வந்தேன். பந்து எங்களுடையது ஆனது அப்படித்தான். எனக்கு அப்போது பதினைந்து வயசு. மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள். பட்டாளத்தார் ஆடியதைப் பார்த்த ஞாபகத்தைத் தவிர ஆட்டத்தைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது.

ஆட்டம் சூடு பிடிக்கும்போது ஏதாவது ஒரு குழந்தை அழும். அதன் அக்கா பந்தை அப்படியே விட்டுவிட்டு ஓடுவாள். எதிர்ப்பக்கத்துக்காரி அதைக் கொண்டுபோய் கோலில் போடுவாள். உடனே சண்டை.

"அது கோலு இல்லடி. எந்தம்பி அய்தான்."

"உந்தம்பி அய்தா எங்காலு நின்னுடுமா? போடி கயிதே!"

இதற்காக நாங்கள் குழி தோண்டினோம். ஈர மணலில், நிற்கத் தெரிந்த குழந்தையின் மார்பு அளவுக்கு. உள்ளே இறக்கிவிட்டால் அது ஏறி வராது. கையால் மணலைத் தட்டிக்கொண்டு நிற்கும். கைக்குழந்தைகளை மீன் கூடையில் துணி விரித்துப் போட்டு, நிமிர்த்தி வைத்த கட்டுமரத்தின் நிழலில் வைப்போம். இத்தனை குழந்தைகளுக்கும் ஒருத்தி காவல் உட்கார வேண்டும். யாருக்கும் உட்கார மனசில்லை. மூத்தவள் நான், அதனால் நான் உட்கார்ந்தேன்.

எனக்கும் ஆடத்தான் ஆசை. ஆனால் இரண்டு தொடையிலும் குழந்தை இருந்தால் எழுந்து போய் இப்படி உதை என்று காட்ட முடியாது. வாயால்தான் சொல்ல வேண்டும். சொல்லிச் சொல்லித்தான் எனக்கே ஆட்டம் விளங்கியது. ஒன்றைக் கவனித்தேன். நன்றாக ஆடியவர்கள் எல்லோரும் தெருக் குழாயிலிருந்து தலையில் தண்ணீர்க் குடம் சுமக்கிறவர்கள். குனிந்து பந்தைப் பார்க்காமல், கழுத்தை நேராக வைத்துக்கொண்டு ஓடினார்கள். பந்து காலில் இருக்கும், கண் தூரத்தில் நிற்பவளைப் பார்க்கும். குடம் எடுக்காதவர்கள் தங்கள் காலையே பார்த்துக்கொண்டு ஓடி முட்டிக்கொண்டார்கள். அதிலிருந்து புதிதாக வருகிறவளிடம், தலையில் குடம் இருக்கிறது, தளும்பாமல் ஓடு என்று சொல்வேன்.

எல்லோரிலும் என் தங்கச்சிதான் நன்றாக ஆடினாள். பதினோரு வயசு. இடது காலால் உதைப்பாள். அந்தக் கால் எந்தப் பக்கம் திரும்பும் என்று எனக்கே தெரியாது.

ஒருத்தி நன்றாகப் பழகும்போது அவளுக்கு வயசு பன்னிரண்டோ பதின்மூன்றோ ஆகிவிடும். அவள் அம்மா தலையில் கூடையை ஏற்றிவிடுவாள். இரண்டு வருஷத்தில் ஆறு பேரைப் பழக்கினேன். ஆறு பேரும் மீன் விற்கப் போனார்கள். ஏழாவதாக, கோலில் நிற்கிற பெண்ணையும் ஆட்டத்திலிருந்து நிறுத்தப்போகிறார்கள் என்று தெரிந்ததும் அவள் வீட்டுக்குப் போனேன். அவள் அம்மா மீன் அலசிக்கொண்டிருந்தாள்.

"இன்னாமே, உனுக்கு வேற வேல கெடியாதா? எம்பொண்ணு பந்தப் புட்சு இன்னா ஆவப் போவுது?"

"ஒரு மணி நேரம்தான் அத்த. வெளக்கு வெக்கறதுக்குள்ள அனுப்பிடறேன்."

"ஒதைக்கக் கத்துக் குடுக்கறியே, நாளைக்கி இவளக் கட்டிக்கினு போறவன் கெதி இன்னா?"

"அவ ஒதைக்கறவ இல்ல அத்த, புடிக்கறவ. கட்டிக்கினு போறவன் தடுக்கி உயுந்தா கூட கெட்டியாப் புட்சுக்குவா."

அவள் சிரித்துவிட்டாள். ஈரக்கையால் என் தலையில் ஒரு குட்டு வைத்தாள். காலையில் கூடை, சாயங்காலம் பந்து என்று முடிவானது. இப்படி வீடு வீடாகப் போய்ப் பேசிப் பேசி எனக்கு வாய் நீண்டுவிட்டது.

இதெல்லாம் நடந்ததற்கு எங்கள் அம்மாவும் காரணம். மயிலாப்பூரில் விற்றுவிட்டு நாலு மணிக்குத் திரும்பும்போது காலிக் கூடையோடு நேரே மணலுக்கு வருவாள். குழி ஓரம் குந்தி, "தள்ளு, நான் பாத்துக்கறேன், நீயும் போய் ஓடு" என்பாள். நைனா ஒருநாள், "ஊர் புள்ளைங்கள எல்லாம் நீதான் பெத்தியா?" என்று கேட்டார். "பெத்தவளுங்க வர வரைக்கும் நாந்தான்" என்றாள். அந்த ஒரு மணி நேரம்தான் நான் ஆடியது.

போன ஆடி மாசம் அம்மாவுக்கு ஜுரம் வந்தது. ஆறு நாள் இருந்தது. ஏழாம் நாள் காலையில் அம்மா செத்துப்போனாள். தம்பி அப்போது ஆறு மாசக் குழந்தை. மாதா கோயில் கல்லறையில் புதைத்துவிட்டு வந்து, பதினைந்து நாள் கழித்து நான் கூடையைத் தூக்கினேன். அம்மா போன தெருக்களிலேயே போனேன். மந்தைவெளி, கச்சேரி ரோடு, அப்புறம் ஆழ்வார்பேட்டை. ஒவ்வொரு வாசலிலும் "உங்கம்மா வரலியா?" என்று கேட்டார்கள். ஒவ்வொரு வாசலிலும் செத்துப்போனதைச் சொல்ல வேண்டியிருந்தது. கச்சேரி ரோட்டில் அம்மாவிடம் வழக்கமாக வாங்குகிற பாய் வீட்டு அம்மாள் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். அழுது முடித்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு, வஞ்சிரத்துக்கு எப்போதும் போலப் பேரம் பேசினாள். அவள் பேரம் பேசியது எனக்கு நன்றாக இருந்தது. அழுததைத்தான் தாங்க முடியவில்லை.

தம்பி தங்கச்சியின் இடுப்புக்கு வந்தான். அவனுக்குக் குழியில் நிற்கிற வயசு இல்லை. ஆட்டுப்பால் ஒத்துக்கொள்ளாமல் வயிறு போய்க்கொண்டிருந்தது. கூடையில் போட்டு மணலில் விட எனக்குப் பயம். அம்மா ஆறு நாளில் போனவள். இவனுக்கு ஆறு நாள் கூட வேண்டாம் என்று தோன்றிக்கொண்டே இருந்தது. கையை விட்டு இறக்கக் கூடாது என்று தங்கச்சியிடம் கண்டிப்பாகச் சொன்னேன். அவள் பந்தாட்டம் அன்றோடு நின்றது. நிறுத்தியது நான்.

அந்தச் சமயத்தில்தான் கான்வென்ட்டிலிருந்து ஆள் வந்தது. அங்கே ஒரு வெள்ளைக்கார மதர் போர்டிங் பெண்களுக்குப் பந்தாடச் சொல்லிக் கொடுத்திருந்தார். ஞாயிற்றுக்கிழமை அவர்களைக் கடற்கரைக்குக் கூட்டி வரும்போது எங்கள் ஆட்டத்தை நின்று பார்த்திருக்கிறார். மாதா திருநாளுக்கு மறுநாள் பள்ளிக்கூட மைதானத்துக்கு வந்து அவர்களோடு ஆடச் சொல்லியனுப்பினார். அடுத்த நாளே கோல்காரி எல்லோரையும் கூட்டிக்கொண்டு எங்கள் வீட்டு வாசலுக்கு வந்துவிட்டாள்.

"எக்கா, ஒரு மணி நேரம்தான். உந்தங்கச்சி இல்லாம கோலு போட ஆளு இல்ல. வெளக்கு வெக்கறதுக்குள்ள அனுப்பிடறோம்."

"கொயந்திய ஆரு பாத்துக்கறது? உங்கப்பனா?"

"நாங்க மாத்தி மாத்தி வெச்சுக்கறோம்கா."

"ஒண்ணும் வாணாம். போங்கடி, வேலயப் பாத்துக்கினு."

போகும்போது ஒருத்தி, "இதுவும் அம்மாக்காரிங்க மாதிரி பேசுதுடி" என்றாள். எனக்குக் கேட்டது. தங்கச்சி தம்பியைத் தோளில் போட்டுக்கொண்டு கதவோரம் நின்றாள்.

"அம்மா இருந்தா உட்டிருக்கும்" என்றாள்.

"அம்மா இருந்தா நீ ஏண்டி கொயந்த தூக்கப் போற?" என்றேன்.

போய்ப் பார்த்துவிட்டு வா, ஆடாதே, குழந்தையை இறக்காதே என்று ஆட்டத்துக்கு முதல் நாள் அவளிடம் சொன்னேன்.

அன்றைக்கு ஆழ்வார்பேட்டையில் மீன் சீக்கிரம் போகவில்லை. கூடையில் கொஞ்சம் மீதி இருக்கும்போதே மைதானத்துக்குப் போனேன். காவல்காரன் மீன் நாற்றத்துக்கு மூக்கைப் பிடித்துக்கொண்டு உள்ளே விட்டான். எங்கள் பெண்கள் மூன்று கோல் வாங்கியிருந்தார்கள். ஏன் என்று பார்த்ததும் தெரிந்தது. அது கெட்டித் தரை. எங்கள் மணலில் பந்து விழுந்தால் விழுந்த இடத்திலேயே கிடக்கும். இங்கே விழுந்தால் எகிறியது. எங்கள் பெண்கள் பந்து விழும் இடத்துக்கு ஓடிப்போய் நிற்கிறார்கள், அது அவர்கள் தலைக்கு மேலே போகிறது. பந்து எகிறும் என்று நான் ஒருநாளும் சொல்லிக் கொடுத்ததில்லை. எனக்கே அது தோன்றியதில்லை.

தங்கச்சியை ஓரத்தில் தேடினேன், காணோம். அவள் நடுவில் ஓடிக்கொண்டிருந்தாள். மர நிழலில் வெள்ளைக் கவுன் போட்ட போர்டிங் பெண்கள் வரிசையாக உட்கார்ந்து எங்கள் குப்பத்துக் குழந்தைகளை மடியில் வைத்துக் கொஞ்சிக்கொண்டிருந்தார்கள். தம்பி ஒரு பெண்ணின் தோளில் கிடந்தான். நான் கூடையைப் போட்டுவிட்டு ஓடிப்போய் அவனைப் பிடுங்கினேன்.

"தூங்குதுக்கா, எழுப்பாதீங்க" என்றாள் அந்தப் பெண். "எங்க வீட்டுலயும் இப்படி ஒண்ணு இருக்கு. நான் பாத்து ஏழு மாசமாச்சு."

தம்பியின் மூக்கில் விரலை வைத்துப் பார்த்தேன். மூச்சு சூடாக வந்தது. வயிற்றைத் தொட்டேன். நன்றாகத் தூங்கிக்கொண்டிருந்தான். அவன் இப்படித் தூங்கி நான் பார்த்து நாளாகியிருந்தது. அந்தப் பெண் கையை நீட்டியபடியே நின்றாள். நான் கொடுக்கவில்லை.

தங்கச்சிக்கு மட்டும் அதற்குள் தரை புரிந்திருந்தது. பந்து விழும் இடத்துக்கு நாலு அடி பின்னால் நின்று, எகிறி வருவதை இடது காலில் வாங்கி ஓடினாள். கழுத்து நேராக இருந்தது. ஒரு கோல் போட்டாள். ஆட்டம் மூன்றுக்கு ஒன்று என்று முடிந்தது. அவள் சிரித்துக்கொண்டே என்னிடம் ஓடிவந்தாள். நான் அத்தனை பேர் முன்னால் அவள் கன்னத்தில் அறைந்தேன்.

அவள் அழவில்லை. "கேட்டா உடமாட்டன்னுதான் கேக்கல" என்றாள்.

எனக்குத்தான் அழுகை வந்தது. அம்மாவைப் புதைத்தபோது கூட அப்படி அழவில்லை. கோல்காரி வந்து, முழங்கையெல்லாம் தோல் உரிந்து ரத்தம் வந்த கையோடு என் பக்கத்தில் உட்கார்ந்தாள். மண்தரையில் பாய்ந்து பாய்ந்து விழுந்திருக்கிறாள். "அயுவாதக்கா, தோத்தது என்னாலதான்" என்றாள். நான் தோற்றதற்கு அழுகிறேன் என்று நினைத்துவிட்டாள்.

மதர் கிட்டே வந்தார். அடித்ததைப் பார்த்திருப்பார். "உன் பிள்ளைகள் தலை நிமிர்ந்து ஆடுது. யார் கத்துக் கொடுத்தது?" என்று கேட்டார்.

"கொடம்" என்றேன். அவருக்குப் புரியவில்லை. விளக்கிச் சொல்ல எனக்குத் தெம்பும் இல்லை.

செவ்வாயும் வெள்ளியும் சாயங்காலம் ஒரு மணி நேரம் குழந்தைகளை போர்டிங் வராந்தாவில் விடலாம், பெரிய பெண்கள் பார்த்துக்கொள்வார்கள், மைதானத்தில் ஆடலாம் என்று சொன்னார். மூன்று வீட்டுக்காரர்கள் சம்மதிக்கவில்லை. கிறிஸ்தவ மதத்தில் சேர்த்துவிடுவார்கள் என்று ஒரு வீட்டில் பயம். நாற்றம் என்று குழந்தையை ஏசுவார்கள் என்று இன்னொரு வீட்டில். நான் இரண்டு வாரம் யோசித்துவிட்டு சரி என்றேன். முதல் நாள் தம்பியை வராந்தாவில் கொடுத்துவிட்டு, கூடையோடு தெருவில் பாதி தூரம் போய்த் திரும்பி வந்து பார்த்தேன். அந்தப் பெண்ணின் சடையைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தான். இரண்டாம் முறையும் திரும்பி வந்தேன். மூன்றாம் முறை வரவில்லை.

இப்போது நான் ஆடுவதில்லை, பழக்குவதும் இல்லை. நேரமில்லை. தங்கச்சிதான் சின்னதுகளைப் பழக்குகிறாள். பந்தை மேலே எறிந்து எகிற விட்டுத்தான் ஆரம்பிக்கிறாள். அவளுக்கும் பன்னிரண்டு ஆகிவிட்டது. அவள் தலையில் எப்போது கூடை ஏற்றப்போகிறாய் என்று நைனா கேட்கிறார். இந்த வருஷம் இல்லை என்று சொல்லியிருக்கிறேன். என் கழுத்து தாங்குகிற வரை இல்லை.

போன வாரம் அவள் புதிதாக ஒருத்தியைக் கண்டுபிடித்திருக்கிறாள். ஒன்பது வயசுப் பெண். அம்மாக்காரி விடமாட்டேன் என்கிறாளாம். "நீ வந்து பேசுக்கா, உன்ன மாதிரி எனுக்குப் பேச வராது" என்றாள். விற்றுவிட்டு வந்த களைப்பு. கூடையை இறக்கிக் கவிழ்த்து வைத்துவிட்டு, கால் கூடக் கழுவாமல் அந்த வீட்டுக்குப் போனேன்.