சரோஜா அக்காவின் சம்மதம்

போன வெள்ளிக்கிழமை சிரம்பானில் ஒரு கல்யாணப் பதிவுக்குச் சாட்சிக் கையெழுத்துப் போட்டேன். மாப்பிள்ளைக்கு வயது அறுபது. பெண்ணுக்கு ஐம்பத்தைந்து. இருவரும் ஒரே வீட்டில் குடும்பம் நடத்தத் தொடங்கி முப்பது வருடத்துக்கு மேல் ஆகிறது!

பதறாதீர்கள். சரோஜா அக்காவுக்கும் மணியம் அண்ணனுக்கும் அந்தக் காலத்திலேயே எஸ்டேட் கோயிலில் தாலி கட்டியாகிவிட்டது. பதிவுதான் செய்ய முடியவில்லை. அக்காவிடம் அடையாள அட்டை கிடையாது. புக்கிட் பெலண்டோக் பக்கம் ஓர் எஸ்டேட்டில் பிறந்தவர்; பிறப்பை யாரும் பதியவில்லை. அப்பா அம்மா இறந்துபோனார்கள், எஸ்டேட்டும் கைமாறியது… பிள்ளைகள் இல்லை. "நல்லவேளை, அதுங்களுக்கும் இந்தத் தலைவலி வந்திருக்கும் லா" என்பார்.

இப்படித்தான் என் வக்கீல் ஆபீசுக்கு வந்தார். இங்கே பிறந்ததற்கு ஆதாரம் வேண்டும் என்றேன்.

"ஆதாரமா? நானே வந்து நிக்கிறேன், பத்தாதா?"

சட்டப் புத்தகத்தில் இதற்குப் பதில் இல்லை.

நான் ஏன் வக்கீலானேன் என்று அடிக்கடி கேட்கிறீர்கள். நீதி, நியாயம் என்று மேடையில் சொல்வேன். உண்மை அதைவிடச் சின்னது. வீட்டில் எல்லாவற்றுக்கும் எதிர்வாதம் பண்ணுவேன். "நீ லாயருக்குத்தான் லாயக்கு" என்று அம்மா திட்டினார். நான் அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டேன். அவ்வளவுதான்! இன்றைக்கும் என் வேலையில் பாதிக்கு மேல் வீடு வாங்க, விற்கப் பத்திரம் தயார் செய்வதுதான். சினிமா வக்கீல் மாதிரி மேஜையைத் தட்டியதே இல்லை.

ஆனால், சரோஜா அக்காவின் கேஸ் தூக்கத்தைக் கெடுத்தது. அவர் பிறந்ததை அறிந்தவர் ஒருவராவது வேண்டும். விசாரித்த இடத்திலெல்லாம் ஒரே பதில்… "அவங்க போய்ட்டாங்களே."

சனிக்கிழமை மத்தியானம் நான் வக்கீல் இல்லை. பாரோய் வீட்டிலிருந்து தூண்டிலோடு கிளம்பி, சி ரூசா கடற்கரைப் பாறையில் உட்கார்ந்துவிடுவேன். பக்கத்துப் பாறையில் டெய்சி அக்கா உட்கார்ந்திருப்பார். பள்ளிக்கூட கேண்டீன் நடத்துகிறவர். எனக்கு மாட்டாத மீனெல்லாம் அவருக்கு மாட்டும். அன்றைக்கு என் முகத்தைப் பார்த்து "என்னம்மா?" என்றார். பெயரைச் சொல்லாமல் விஷயத்தைச் சொன்னேன்.

"எந்த எஸ்டேட்டு?"

சொன்னேன்.

"எங்கம்மா அங்க ஆயாக்கொட்டகையிலதானே பிள்ளைங்கள பாத்துக்கிட்டாங்க! கூட்டிட்டு வாங்களேன்."

மறுநாளே சரோஜா அக்காவை அழைத்துப் போனேன். டெய்சியின் அம்மாவுக்கு எண்பதைத் தாண்டிவிட்டது. கண் மங்கல். அக்கா தன் அம்மாவின் பெயரைச் சொன்னதுதான் தாமதம்…

"பாக்கியம் மகளா? கிட்ட வா. உன்னைப் பெத்தவுடனே உங்கம்மாவுக்குக் காய்ச்சல் கண்டு படுத்துட்டா. அப்பதான் எனக்கும் டெய்சி பொறந்திருந்தா. ஒரு பக்கம் இவளுக்கு, ஒரு பக்கம் உனக்குப் பால் குடுத்தேன்."

சரோஜா அக்கா அவர் மடியில் முகத்தைப் புதைத்துக்கொண்டார். டெய்சிதான் முதலில் சமாளித்தார்.

"அதான் நான் இவ்ளோ நோஞ்சானா? என் பங்கையும் நீதான் குடிச்சியா?"

அழுதுகொண்டிருந்தவர் சிரித்துவிட்டார்.

அந்த அம்மா சத்தியம் செய்து வாக்குமூலம் கொடுத்தார். அப்புறமும் நிறைய அலைச்சல், காத்திருப்பு. ஒருவழியாகக் குடிமக்களுக்கான நீல அடையாள அட்டை வந்தது. பேசப் பிடிக்கும் என்று இந்தத் தொழிலுக்கு வந்தேன். ஏன் இன்னும் இருக்கிறேன் என்றால், எப்போதாவது இப்படி ஒரு நாள் அமைகிறது. போதாதா?

இதை எழுதட்டுமா, பெயரை மாற்றிவிடுகிறேன் என்று அக்காவிடம் சொன்னேன். "ஐயோ, மாத்தாதீங்க லாயரம்மா. இப்பதான் அந்தப் பேரே அட்டையில ஏறியிருக்கு!"

அட்டை கையில் வந்ததும், கல்யாணத்தைப் பதிய வேண்டும் என்று அக்கா ஒற்றைக்காலில் நின்றார். "இந்த வயசுல என்னத்துக்கு லா?" என்று நெளிந்த மணியம் அண்ணன், வெள்ளிக்கிழமை புதுச் சட்டையில் வந்து நின்றார். நானும் டெய்சியும் சாட்சிகள்.

இவரை மணக்கச் சம்மதமா என்று அதிகாரி மலாயில் கேட்டார். சரோஜா அக்கா அண்ணனை மேலும் கீழும் பார்த்தார். ஜன்னலைப் பார்த்தார். அண்ணனுக்கு வியர்த்துவிட்டது.

"ஏய்… சொல்லும்மா."

"ம்… சம்மதம்."

வெளியே வந்ததும் கேட்டேன். "என்னக்கா, பயமுறுத்திட்டீங்களே?"

"கோயில்ல தாலி கட்டறப்ப யாரு என்னைக் கேட்டா? இப்பதான் மொத தடவ கேக்கறாங்க. கொஞ்சம் யோசிக்க வேணாமா?"

மணியம் அண்ணன் ஓடிப்போய் அக்காவுக்காகக் கார்க் கதவைத் திறந்துவிட்டார்… அதுவும் முதல் தடவையாம்!