தரைப்பாலத்தில் போனவர்

மார்கழி வெள்ளம் தாமிரபரணித் தரைப்பாலத்தின் மேல் ஓடிய அன்று, கங்கைகொண்டானில் ஓர் ஆலையில் காவலாளியாக இருந்தவர் பஸ் பிடிக்கச் சைக்கிளில் கிளம்பினார். ஆலைக்குப் போய்ச் சேரவில்லை. தண்ணீர் வடிந்ததும் சைக்கிள் உடைமரப் புதரில் சிக்கிக் கிடந்தது. உடல் கிடைக்கவேயில்லை.

அவர் மனைவி பாளையங்கோட்டையில் என் வக்கீல் அலுவலகத்துக்கு வந்தாள். இன்சூரன்ஸ் கம்பெனி இழப்பீடு தர மறுத்திருந்தது. ஆள் இறந்ததற்கு ஆதாரம் இல்லை. இறந்திருந்தாலும் வழியில்தான், வேலையில் அல்ல என்றது.

சாட்சி சொல்வதற்கு அவளைத் தயார்படுத்தினேன். "உங்க வீட்டுக்காரர் உயிரோட இல்லன்னு எப்படித் தெரியும்னு அவங்க வக்கீல் கேப்பாரு."

அவள் முந்தானையைத் திருகினாள். "அவிய தெனமும் வருதாவளே, யக்கா."

"யாரு?"

"அவியதான். உச்சிவெயில்ல பின்வாசல் வழியா வந்து அடுப்பங்கரையில நிப்பாவ. பேச மாட்டாவ. போன பெறவு தரையெல்லாம் ஈரமா கெடக்கும். நான் தொடச்சிருவேன்."

துக்கம் பேசுகிறது என்று நினைத்தேன். "இத கோர்ட்டுல சொல்லிராதீங்க" என்றேன். அவள் சொல்லவில்லை. எதிர்த்தரப்பு வக்கீல் கேட்டபோது, "ஆத்தோட போயிட்டாவ" என்றாள். வெளியே வந்து தண்ணீர் கேட்டவள், டம்ளரைக் கையில் வைத்தபடியே குடிக்காமல் நின்றாள்.

பிறகு ஒருநாள் வழக்குக்காகத் தரைப்பாலத்தைப் படம் எடுக்கப் போனேன். மத்தியானம் அவள் வீட்டில் உட்கார்ந்து மோர் குடித்துக்கொண்டிருந்தபோது, அவள் சட்டென்று எழுந்து அடுப்பங்கரை வாசலில் இருந்த முக்காலியை ஓரமாக நகர்த்தினாள், யாரோ வருவதற்கு வழிவிடுவதுபோல. நான் யாரையும் பார்க்கவில்லை. புதுவெள்ளத்தின் சேற்று வாடை மட்டும் வந்தது. சிமெண்டுத் தரையில் இரண்டு பாத அளவுக்கு ஈரம் பைய விரிந்தது. அண்ணாந்து பார்த்தேன். ஓடு காய்ந்திருந்தது.

"ஒரு வாய் சாப்பிட்டுட்டுப் போங்களேன்" என்றாள் அவள். என்னிடம் அல்ல.

கொஞ்ச நேரத்தில் அவள் துணி எடுத்து வந்து தரையைத் துடைத்தாள்.

இதற்கிடையே, வேலைக்குப் போகும் வழியில் நேரும் விபத்தும் வேலையோடு தொடர்புள்ளதென்றால் இழப்பீடு உண்டு என்று வேறொரு வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. அதை வைத்து நாங்கள் ஜெயித்தோம். சூழ்நிலைகளைப் பார்க்கையில் அவர் இறந்துவிட்டார் என்றே கொள்ள வேண்டும் என்றும் உத்தரவில் இருந்தது. உடனே அவளுக்குப் போன் செய்தேன்.

"எறந்துட்டாவன்னே எழுதிட்டாங்களா?" என்று மட்டும் கேட்டாள்.

அடுத்த வாரம் நேரில் வந்தாள். "தீர்ப்பு வந்ததுலருந்து அவிய வரல யக்கா. தரை காஞ்சே கெடக்கு." கொஞ்சம் தயங்கினாள். "கம்பெனிக்காரங்க அப்பீல் போவாங்களா?"

"போனாலும் நிக்காது. பயப்படாதீங்க."

"போனாங்கன்னா நல்லாருக்கும்" என்றாள்.

மேல்முறையீட்டுக்குக் கெடு முடியும் வரை அடிக்கடி வந்து அதையே விசாரித்தாள். யாரும் போகவில்லை. அதைச் சொன்ன அன்று அவள் கேட்டாள்:

"அப்பம் இனி திதி குடுக்கணும்லா, யக்கா?"

ஆடி அமாவாசைக்கு நானும் அவளோடு படித்துறைக்குப் போனேன். எள்ளும் தண்ணீரும் விட்டு முடிந்த பின்னும் அவள் கரையேறவில்லை. முழங்கால் அளவு ஆற்றில் நின்று, ஓடும் தண்ணீர்மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டிருந்தாள். நான் கூப்பிடவில்லை.